சத்தம் வைத்த மனு

வடிவம்மா எவரையும் நம்புவதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. முப்பத்தொரு வருடம் மஹய்யாவயில் ரோடு கூட்டியவள் அவள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய ஆட்களை அந்த முப்பத்தொரு வருடத்தில் எத்தனை பேர் பார்த்தாய் என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாய் ஒண்ணு இருந்துச்சு" என்பாள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் நடந்ததைச் சொன்னால் விளங்கும். மழைக்கோட்டு தருகிறோம் என்று சொல்லி துப்புரவு வேலைக்காரர்கள் நாற்பத்திரண்டு பேரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். மழைக்கோட்டும் வந்தது. ஆறு மாதம் போன பிறகுதான் தெரிந்தது, அதே தாளின் அடியில், ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வரச் சம்மதம் என்று சிங்களத்தில் இரண்டு வரி இருந்தது. நான் அப்போது தொழிற்சங்கத்தில் அமைப்பாளன். பேசினோம், கத்தினோம், துண்டுப் பிரசுரம் அடித்தோம், தோற்றோம். கையெழுத்து உங்களுடையதுதானே என்று கேட்டார்கள்.

அன்றைக்குப் பிறகு வடிவம்மா தனக்கென்று ஒரு வழிமுறை வைத்துக்கொண்டாள். அவள் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பெயரை எழுதுவாள். சிங்களம் நன்றாகப் பேசுவாள், வாசிக்க வராது. ஆகவே எந்தத் தாள் வந்தாலும் முதலில் தபாலகத்தில் ஒருவரிடம் வாசிக்கக் கொடுப்பாள். பிறகு பேக்கரியில் இன்னொருவரிடம் கொடுப்பாள். அந்த இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அதைப் பார்த்துத்தான் அவர்களைப் பிடித்திருந்தாள். இருவரும் சொல்வது ஒத்து வந்தால் கையெழுத்து. ஒரு சொல் மாறினாலும் தாள் திரும்பிப் போகும். நான் எழுதிக் கொடுத்த கடிதங்களும் அப்படித்தான் போய் வந்தன. முதல் தடவை கோபம் வந்தது. பிறகு பழகிவிட்டது.

இப்போது அந்தப் பகுதியைக் கூட்டும் வேலையை ஒரு கம்பனி குத்தகைக்கு எடுத்திருக்கிறது. வடிவம்மாவும் அதற்குள் போய்விட்டாள். வயது ஐம்பத்தாறு. கணவன் இல்லை. இந்த வேலை போனால் இந்த வயதில் அவள் கையில் இன்னொருவன் விளக்குமாறு கொடுக்க மாட்டான். இது அவளுக்கும் தெரியும், கம்பனிக்கும் தெரியும்.

போன பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், மஹய்யாவச் சரிவில், கூட்டுகிற வேலையை மேற்பார்க்கும் கம்பனி ஓவசியர் வேலைக்காரர்களை நிறுத்தி வைத்து ஏசிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தானே நேரில் வந்து பார்த்ததாகவும், ரோடு கூட்டாமல் கிடந்ததாகவும் சொன்னார். அவர் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அந்த நேரம் மேலேயிருந்து செல்லச்சாமி நிரம்பிய கைவண்டியை இழுத்துக்கொண்டு இறங்கினான். அவன் வடிவம்மாவுக்குக் கொழுந்தன் முறை. கீழே சந்திலிருந்து ஒரு பாடசாலை வேன் பின்னோக்கி வெளியே வந்தது. அதைக் கண்ட வடிவம்மா கத்தினாள்.

"பொறு, பொறு."

செல்லச்சாமி வண்டியை மதிலில் சாய்த்து நிறுத்திவிட்டான். வேன் போய்விட்டது. ஆனால் ஓவசியரின் முகம் சிவந்துவிட்டது. கடை வாசல்களில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

சிங்களத்தில் பொய்க்கு ஒரு சொல் இருக்கிறது. தமிழில் எழுதினால் 'பொரு' என்றுதான் எழுதலாம். பஸ் என்று சொல்லும்போது வருகிற 'ப' அதற்கு. ஓவசியர் காதில் அதுதான் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தேன் என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, பொய், பொய் என்று ஒரு கூட்டுகிற பெண் ரோட்டில் வைத்துக் கத்திவிட்டாள். அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். கொழுந்தன்தானே என்று பாராமல் மரியாதையாகப் 'பொறுங்க' என்று சொல்லியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

அடுத்த நாளே கடிதம் வந்தது. பொது இடத்தில் மேலதிகாரியைப் பொய்யன் என்று ஏசிய குற்றம். வேலை இடைநிறுத்தம். பதினான்கு நாளுக்குள் முறையிடலாம், முறையீடு இல்லாவிட்டால் நீக்கம். தபாலகமும் பேக்கரியும் அதை ஒரே மாதிரித்தான் வாசித்தன.

முறையீட்டுக்குக் கம்பனி ஒரு விதி வைத்திருந்தது. மின்னஞ்சலில் வர வேண்டும், ஒரே கோப்பாக வர வேண்டும், ஆதாரம் எல்லாம் அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். தனித்தனியாக அனுப்பினால் பார்க்க மாட்டார்கள். ரோடு கூட்டுகிறவர்களுக்கு வைத்த விதியா இது, அவர்களை வடிகட்ட வைத்த விதியா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. இப்போதும் போகவில்லை.

நான் இரண்டு பக்கம் எழுதினேன். நல்ல காரமாகத்தான் எழுதினேன். வடிவம்மா வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டுத் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அண்ணே, இதுல நான் சொன்னது எங்க இருக்கு?"

"இந்தா, மூணாவது வரி. பொறு."

"அவன் கேட்டேன்னு சொல்றது?"

"அதுக்குக் கீழ. பொரு."

"ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கே."

"ற வேற, ர வேற."

"அந்த ஆபிஸ்ல இருக்கிறவனுக்கு இது வேறன்னு யாரு போய் சொல்றது? நீங்க கூடவே போய் குந்திக்கிட்டு இருப்பீங்களா? என் சத்தம் இல்லாம இந்தக் கடுதாசி போனா, என் வேலையும் இதோட போயிரும்."

முப்பது வருடம் எழுதி எழுதி வாதாடியவன் நான். எழுத்தில் காட்ட முடியாத ஒன்றை அவள் கேட்டாள். அவள் கேட்டது சரி.

ஒரு கேள்வியை நானும் கேட்டேன். கேட்காமல் மனுவில் கை வைக்க எனக்கு மனமில்லை.

"வடிவம்மா, எனக்கு மட்டும் சொல்லு. நீ செல்லச்சாமிக்குத்தான் சொன்னியா?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்களும் ஆரம்பிச்சிட்டீங்களா? அவன் சொன்னது பொய்தான். அது எனக்குத் தெரியும், ரோட்டுக்கே தெரியும். அத சொல்றதுக்கு அதா நேரம்? மனுசன் வண்டியோட வந்துக்கிட்டு இருக்கான், கீழ வேன் வருது."

பாதி நம்பினேன். மீதிக்கு ஆதாரம் தேடினேன்.

சரிவின் ஓரத்தில் இன்ஷிராவின் கொமியூனிகேஷன் இருக்கிறது. போட்டோக்கொப்பி, டைப்பிங், ரீலோட், எல்லாம் அவள் ஒருத்தியே. வாசலில் கமரா பூட்டியிருந்தாள். அதில் அன்றைய காலை இருந்தது. படம் தெளிவு. வடிவம்மா, ஓவசியர், கைவண்டி, வேன், எல்லாம் தெரிந்தது. சத்தம் மட்டும் இல்லை. அந்தக் கமரா சத்தம் பிடிக்காது.

"வாய் அசையுறது தெரியுது. என்ன செல்றீங்கன்னு தெரியாதே வடிவம்மாக்கா" என்றாள் இன்ஷிரா.

வடிவம்மா என் காதுக்குள் சொன்னாள், "ஓவசியர் இங்கதான் கொப்பி அடிக்கிறான். இந்தப் புள்ள சத்தத்த எடுத்து ஒளிச்சி வச்சிருச்சோ?"

இன்ஷிராவுக்குக் கேட்டுவிட்டது. "கமரா வாங்கக்குள்ளயே சத்தம் இல்லாததுதான் வாங்கினேன். அது விலை குறைவு. வேணும்னா பெட்டியக் காட்டுறேன்." பெட்டியைக் காட்டவும் செய்தாள். பிறகு படத்தை மறுபடி ஓட்டி, ஒரு இடத்தில் நிறுத்தி, விரலால் தட்டினாள். "இந்த த்ரீவீலரப் பாருங்க. உள்ள இருக்கிறவர் போன காதுல வைக்கல்ல. வாய்க்கு நேரா பிடிச்சீக்கார். வொய்ஸ் அனுப்புறார்."

அது மோகனராஜின் த்ரீவீலர். அவன் அந்தச் சரிவில் வழக்கமாக நிற்பவன். அவன் போனில் வடிவம்மாவின் சத்தம் இருக்க வேண்டும்.

போய்க் கேட்டோம். "நான் அன்னைக்கு அந்தப் பக்கமே வரல்லக்கா" என்றான். கமராவில் இருக்கிறாய் என்றேன். "அது வேற த்ரீவீலர்" என்றான். நம்பர் தெரிகிறது என்றேன். அவன் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

அவன் ஓவசியரின் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்குபவன். மாதம் முழுக்க ஓடும் ஹயர், கைக்கு உறுதியான வாடகை. அவனை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று நான் முடிவு கட்டினேன். இப்படி எத்தனை சாட்சிகளைப் பார்த்திருக்கிறேன். வடிவம்மா அதற்கு மேலே போனாள். மறுநாள் காலை அவனுடைய த்ரீவீலரின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். எங்கே போக வேண்டும் என்று கேட்டான். "எங்கயும் இல்ல. வேலை இல்லாதவ எங்க போறது?" என்றாள். மத்தியானம் வரை இறங்கவில்லை. அடுத்த நாளும் ஏறினாள். மூன்றாம் நாள் பக்கத்தில் நின்ற த்ரீவீலர்காரர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். ஒருவன், "மச்சான், புது ஹயர் நல்லா ஓடுதா?" என்று கேட்டான். மோகனராஜ் போனை எடுத்தான்.

"குடுக்கிறேன். ஆனா முன்னாடி இருக்கிறத வெட்டணும்."

"என்ன இருக்கு?" என்றேன்.

அவன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுப் போட்டுக் காட்டினான். அவனுடைய குரல்தான். மனைவி கிருஷாந்திக்கு அனுப்பியது. 'நான் இப்ப குண்டசாலையில ஹயர்ல நிக்கிறேன், வர ஒம்பது மணியாகும், அம்மாவ நீயே பஸ்ல கிளினிக்குக் கூட்டிட்டுப் போ.' வாயில் எதையோ மென்றுகொண்டே பேசியிருந்தான். அந்தப் பேச்சு முடிகிற இடத்தில், கொஞ்சம் தூரத்தில், வேனின் ஹோர்ன், இரும்புச் சக்கரம் உரசுகிற சத்தம், அதோடு வடிவம்மா. பொறு, பொறு. சந்தேகமே இல்லாத றகரம்.

"குண்டசாலையில நின்ன மூஞ்சியப் பாரு" என்றாள் வடிவம்மா.

"அக்கா, மாமியார கிளினிக்குக் கொண்டு போனா அர நாள் போயிரும். ரோல்ஸ் ரெண்டு திங்கக்கூட விட மாட்டாங்க. இது அவ காதுக்குப் போனா என் கதை முடிஞ்சிது."

ஆக, ஓவசியர் அவனை வாங்கவில்லை. அவன் பயந்தது வீட்டுக்கு. என் சந்தேகம் தப்பு. இதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை, ஆனால் அடுத்த ஆளைச் சந்தேகப்படுவதை அதற்காக நிறுத்தவும் இல்லை.

இன்ஷிராவிடம் கொண்டு போனோம். அவள் விளக்கினாள். எழுத்துக் கோப்புக்குள்ளேயே படத்தையும் சத்தத்தையும் வைக்கலாம். திறக்கிறவர் அந்த இடத்தில் அமுக்கினால் ஓடும். முன்பக்கத்தை வெட்டவும் முடியும். கமராப் படத்தின் மேல் இந்தச் சத்தத்தை ஒட்டி ஒரே வீடியோவாகவும் தர முடியும், பார்க்க நன்றாக இருக்கும்.

"வெட்டாத" என்றாள் வடிவம்மா. "ஒட்டவும் ஒட்டாத."

மோகனராஜ் கும்பிட்டான். "அக்கா, முன்னுக்கு மட்டும்."

"வெட்டின சத்தத்த யாரு நம்புவா? நானே நம்ப மாட்டேன். ஓவசியர் எங்க வெட்டினாங்கன்னு கேப்பான். எதுக்கு வெட்டினாங்கன்னு கேப்பான். உன் ரோல்ஸுக்காக நான் வேலைய விடவா?"

அவள் சொன்னபடியே நடந்தது. கமராப் படம் சேருகிற பெட்டியிலிருந்து ஏழு நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்துமூன்று வரை, நேரம் மேலே ஓடுகிறபடி, வடிவம்மா பக்கத்தில் நிற்க இன்ஷிரா எடுத்தாள். குரல் செய்தியை முழுசாக எடுத்தாள். அதிலும் ஏழு நாற்பத்திரண்டு என்று இருந்தது. என் இரண்டு பக்கத்துக்கு நடுவில் மேலே படம், கீழே சத்தம். இன்ஷிரா அமுக்கிக் காட்டினாள். இரண்டும் ஓடின. எனக்குத் திருப்தி. அனுப்பிவிடலாம் என்றேன்.

வடிவம்மா ஒத்துக்கொள்ளவில்லை. பென் ட்ரைவில் வாங்கிக்கொண்டு, புகையிரத நிலையப் பக்கம் இன்னொரு கொமியூனிகேஷனுக்கு என்னை இழுத்துப் போனாள். அங்கே திறந்தார்கள். எழுத்து இருந்தது. படம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கட்டம். சத்தம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன அடையாளம், அமுக்கினால் ஒன்றும் இல்லை.

இன்ஷிராவிடம் திரும்பி வந்தோம். வடிவம்மா கடைக்குள் நுழைந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஓவசியர் உனக்கு எத்தன கொப்பி அடிக்கச் சொன்னான்?"

இன்ஷிராவுக்கு முதலில் விளங்கவில்லை. கோப்பைத் திறந்து பார்த்தாள், நெற்றியில் கை வைத்தாள். "அல்லாவே. உள்ளுக்கு வைக்கல்ல, வழி மட்டும் வச்சீக்கேன்." பிறகு எங்களுக்கு விளங்கும்படி சொன்னாள். முதலில் முழுசாக உள்ளே வைத்தபோது கோப்பு பெரிதாகி மின்னஞ்சலில் போகாது என்று வந்ததாம். அதனால் திரையில் வந்த ஒரு சின்னக் கட்டத்துக்குள் சரி அடையாளம் போட்டிருக்கிறாள். அப்படிப் போட்டால் கோப்பு சின்னதாகும், ஆனால் படமும் சத்தமும் இவளுடைய கணினியில்தான் கிடக்கும். மனுவுக்குள் இருப்பது அந்த இடத்துக்கு வழி மட்டும். இந்தக் கணினியில் எல்லாம் ஓடும். வேறு எங்கே திறந்தாலும் கறுப்பு.

"அதாவது வீட்டு அட்ரஸ் மட்டும் போகுது, ஆள் போகல்ல" என்றாள் வடிவம்மா.

"அதுதான்."

"வேணும்னு செஞ்சியா?"

"வேணும்னு செஞ்சா பென் ட்ரைவ உங்க கையில தருவேனா? கோபப்படாதீங்க வடிவம்மாக்கா. என்ட பிழைதான்."

படத்தின் அளவைக் குறைத்து, இம்முறை கட்டத்தில் சரி போடாமல், இரண்டையும் உள்ளேயே வைத்தாள். வடிவம்மா மறுபடி புகையிரத நிலையப் பக்கம் போனாள். அங்கே ஓடியது. பிறகு பேக்கரிக்காரரின் கணினியிலும் திறக்க வைத்தாள். அங்கேயும் ஓடியது. பதின்மூன்றாம் நாள் மனு போனது.

விசாரணை கடுகண்ணாவையில், கம்பனியின் கிளைக் காரியாலயத்தில். மோகனராஜ்தான் ஏற்றிக்கொண்டு போனான். அவனை வெளியே நிற்க வைத்துவிட்டு நாங்கள் உள்ளே போனோம். விசாரணை அதிகாரி சிங்களவர், ஐம்பது வயதிருக்கும், நிறையப் பேசாதவர். அவருக்குப் பக்கத்தில் ஓவசியர். பேச்செல்லாம் சிங்களத்தில்தான் நடந்தது, நான் தமிழில் எழுதுகிறேன்.

அதிகாரி கோப்பைத் திறந்தார். படம் ஓடியது. சத்தம் ஓடியது. நான் மூச்சு விட்டேன். அதற்குள் ஓவசியர் எழுந்துவிட்டார். அவருக்குத் தமிழ் கொஞ்சம் பிடிபடும்.

"சேர், இதில் பேசுகிறவன் குண்டசாலையில் நிற்கிறேன் என்கிறான். சம்பவம் நடந்தது மஹய்யாவயில். இது வேறு எங்கோ எடுத்த சத்தம். செய்து கொண்டு வந்திருக்கிறார்கள்."

அதிகாரி எங்களைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. தோற்கிற விசாரணைகளில் எல்லாம் அப்படித்தான் பார்ப்பார்கள். வெட்டியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திராது என்று எனக்குத் தோன்றியது. வடிவம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அதற்குள் எழுந்து, கதவைத் திறந்து, வெளியே தலையை நீட்டிவிட்டாள்.

"மோகனு, உள்ள வா."

அவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். அதிகாரி சத்தத்தைப் போட்டுக் காட்டி, இது உன் குரலா என்று கேட்டார். ஓம் என்றான். அப்படியானால் நீ அன்று குண்டசாலையில் இருந்தாயா என்று கேட்டார்.

மோகனராஜ் ஓவசியரைப் பார்த்தான். பாடசாலை ஹயர் போய்விடும் என்று நினைத்திருப்பான். பிறகு வடிவம்மாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏக்க பொரு சேர்" என்றான். அது பொய், சேர்.

"என்ன?"

"பொரு சேர். மனைவிக்குச் சொன்ன பொரு. நான் மஹய்யாவயில் கடைக்கு முன்னால் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். படத்தில் பாருங்கள், என் த்ரீவீலர்தான்."

அதிகாரி கையை உயர்த்தினார். "இன்னொரு தரம் சொல்."

"பொரு சேர்."

அவர் கணினியில் சத்தத்தை மறுபடி போட்டார். பொறு, பொறு. நிறுத்தினார். "இன்னொரு தரம்" என்றார். மோகனராஜ் வெட்கத்தோடு மறுபடியும் தான் பொய் சொன்னதைச் சொன்னான். அதிகாரி மறுபடியும் சத்தத்தைப் போட்டார். அறைக்குள் ஒன்று மாற்றி ஒன்று, நாலு தரம். ஒன்று உதட்டில் முட்டி வருகிறது, மற்றது நாக்கில் உருண்டு வருகிறது. எழுத்தில் நான் காட்ட முடியாததை அந்த மனிதர் தன் காதால் கேட்டார். பிறகு மேலே இருந்த படத்தை ஓட்டி நிறுத்தினார்.

"நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?" என்று ஓவசியரைக் கேட்டார்.

"இதோ, சேர்."

"அவள் முகம் எந்தப் பக்கம்?"

படத்தில் வடிவம்மா சரிவின் மேல்பக்கம் பார்த்துக் கையை நீட்டியிருந்தாள். ஓவசியர் அவளுடைய முதுகுக்குப் பின்னால்.

அதிகாரி கோப்பை மூடினார். வடிவம்மாவைப் பார்த்து, நாளையிலிருந்து வேலைக்குப் போகலாம் என்றார்.

வடிவம்மா அசையவில்லை. மோகனராஜ் கதவு வரை போய்விட்டான்.

"அக்கா, வாங்க. முடிஞ்சிது."

"எங்க முடிஞ்சிது?" என்று அவனிடம் சொல்லிவிட்டு, அதிகாரியிடம் சிங்களத்தில் பேசினாள். வாயால் சொன்னதை நாளைக் காலை இந்த ஓவசியர் எனக்குக் கேட்கவில்லை என்று சொல்லுவார், சேர். நாம் ஒன்று சொன்னால் இவருடைய காதில் வேறொன்று விழும். எழுதிக் கொடுங்கள்.

அதிகாரி கணினியைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு தட்டச்சு செய்தார். மூன்று வரி. பிரின்ட் எடுத்து, கையெழுத்து வைத்து, முத்திரை குத்தினார். வடிவம்மா அதை வாங்கி என்னிடம் நீட்டினாள். நான் வாசித்தேன். இடைநிறுத்தம் நீக்கம், அதே ரோடு, அதே வேலை, நாளை முதல்.

வெளியே வந்ததும் மோகனராஜ் கேட்டான், "அண்ணே, அந்த பைல் வீட்டுக்கு எல்லாம் போகாதில்ல?"

"ஆபிஸ்ல மட்டும்தான் இருக்கும்" என்றேன்.

"ஆபிஸ்ல யாரு இருக்கிறாங்கன்னு பாத்தீங்களா? முன்னுக்கு உக்காந்திருந்த கிளார்க் கிருஷாந்தியோட படிச்சவ."

வடிவம்மா ஏறி உட்கார்ந்தாள். "வீட்டுக்குப் போ. அவ சொல்ல முந்தி நீயே போய் சொல்லு. மொதல்ல என்னைப் பேக்கரில இறக்கு."

"பேக்கரிக்கு எதுக்கு?" என்றேன்.

"அந்த மூணு வரிய நீங்க ஒரு ஆள்தானே வாசிச்சீங்க."